ஷெல்ஃபில் நிற்காத அம்பு: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர் கண்ணுவுக்கு,

நைனா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நல்லா இருக்கிறோம். காட்பாடியில் மழை பிடித்துக்கொண்டது. கிரவுண்டு முழுக்கச் சேறு, அதனால் பிள்ளைகளுக்கு இந்த வாரம் வில் பயிற்சி இல்லை. பாட்டிக்கு முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது.

அங்கே மிச்சிகனில் வில் வேட்டைக்குப் போய், மரத்து மேலே விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்து, மான் வந்து நின்ற நேரத்தில் வில்லை இழுத்தால் அம்பு ஷெல்ஃபை (வில்லின் பிடிக்கு மேலே அம்பு படுக்கிற சின்னத் தட்டை) விட்டு நழுவிக் கட்டையில் தட்டியது, அந்தச் சத்தத்திலேயே மான் பறந்துவிட்டது என்று போனில் சொன்னாய். அம்பைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் ஒன்று வாங்கப்போவதாகவும் சொன்னாய். அதை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் என்றால் நீ "சரி நைனா, சரி நைனா" என்று வைத்துவிடுவாய். இது பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்த அம்பு தானாக விழவில்லை. உன் வலது கைதான் அதைத் தள்ளிவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். வில் உன் இடது கையில் இருக்கிறது. அம்பு வில்லின் இடப்பக்கம், ஷெல்ஃபின் மேல் படுத்திருக்கிறது. ஒரு விரல் மேலே, இரண்டு விரல் கீழே வைத்து நாணை இழுக்கிறாய். பதற்றத்தில் விரல் நுனிகள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கும். மடங்கினால் நாண் முறுகும். நாண் முறுகினால் அதில் மாட்டியிருக்கிற 'நாக்' (அம்பின் பின்முனைப் பிளவு) திரும்பும், அம்பின் முன்பகுதி வில்லை விட்டு இடப்பக்கம் விலகிப் பொத்தென்று விழும். மேல் விரலும் நடுவிரலும் சேர்ந்து நாக்கை நெரித்தாலும் இதேதான் நடக்கும். கிரவுண்டில் மூங்கில் வில் பிடிக்க வருகிற பிள்ளைகளில் இதைச் செய்யாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அம்பு விழுந்ததும் எல்லாப் பிள்ளையும் வில்லைத்தான் பார்க்கும். நான் அவர்களுடைய புறங்கையைப் பார்ப்பேன். முட்டிக் கணுக்கள் மேடு தட்டி நின்றால் கை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். புறங்கை மணிக்கட்டிலிருந்து விரல் வரை தட்டையாக, தளர்வாக இருக்க வேண்டும். நாண் விரல்களின் முதல் மடிப்பில் ஆழமாக உட்கார வேண்டும், நுனியில் தொங்கக் கூடாது. நாக்குக்கும் விரல்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

இதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. நாணில் விரலை மாட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக மடக்கி வைத்துக்கொள். இழுக்க ஆரம்பித்ததும் பாரம் ஏற ஏற விரல்கள் தாமாகவே கொஞ்சம் விரியும். அந்த விரிவில் நாண் எதிர்ப்பக்கம் உருளும், அம்பு வில்லோடு போய் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் பாதி இழுத்து, திரும்ப இறக்கு. நாணை மட்டும் விட்டுவிடாதே. அம்பு வில்லில் அழுந்துவது உன் கைக்கே தெரிகிற வரை செய். பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வேன். நீயும் அப்படியே செய்து பார்.

ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்ட கதையைச் சின்ன வயதில் நீ திரும்பத் திரும்பக் கேட்பாய். ஆசியாவின் பழைய வில்லாளிகள் பலரும் கட்டைவிரலால் நாண் இழுத்தவர்கள். அப்படி இழுக்கிற வலது கைக்காரனுக்கு அம்பு வில்லின் வலப்பக்கத்தில் இருக்கும். கட்டைவிரல் நாணை முறுக்குவது அந்தப் பக்கத்துக்குச் சரியாக ஒத்துப்போய் அம்பை வில்லோடு சேர்த்து அழுத்தும். மூன்று விரலால் இழுக்கிற உனக்கு முறுக்கு வேறு திசை, அதனால் அம்புக்கும் பக்கம் வேறு. பக்கம் மாறினாலும் காரணம் ஒன்றுதான். நாண் எந்தப் பக்கம் முறுகுகிறது என்பதே அம்பு ஒட்டி நிற்குமா விலகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கிளிப்பால் முறுக்கை மாற்ற முடியாது. முறுக்கிய நாணை விட்டால், அம்பு ஷெல்ஃபிலேயே இருந்தாலும் கோணலாகத்தான் போகும்.

அடுத்தது, வில்லைச் சாய்த்துப் பிடி. போட்டி வில்லைப் போல நேராக நிறுத்தாதே. மேல்நுனி வலப்பக்கம் சாயட்டும், கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வருகிற அளவு போதும். அப்போது அம்பின் எடையே அதை வில்லின் மேல் கிடத்தும். இடது கையால் பிடியை இறுக்காதே, இறுக்கினால் வில்லே திரும்பும். நாக்கின் பிடியையும் சோதித்துப் பார். அம்பை நாணில் மாட்டி, கூர் தரையைப் பார்க்கும்படி தொங்கவிட்டு, நாணை ஒரு விரலால் தட்டு. தொங்கும்போது விழக் கூடாது, தட்டினால் விழ வேண்டும். நாணில் நாக் மாட்டுகிற இடம் ஷெல்ஃபுக்கு நேர்மட்டத்தை விட ஏறக்குறைய அரை அங்குலம் மேலே இருக்கட்டும்.

இனி ஷெல்ஃப். நீ வாங்கியிருப்பது பேர் (Bear) கம்பெனியின் பழைய ரீகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில், என்றாய். அந்த ஃபிரெட் பேர் நீ இருக்கிற மிச்சிகனில்தான், கிரேலிங் ஊரில், வில் செய்தார். 1988இல் இறந்தார். வில் வேட்டையை அமெரிக்காவில் சாதாரண மக்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். நீ அனுப்பிய படத்தில் ஷெல்ஃபின் விரிப்பு தேய்ந்து கட்டையே தெரிகிறது. அம்பு தட்டி மான் காதுக்கு எட்டியது அதனால்தான். பேரணாம்பட்டு மாமாவிடம் சொல்லி ஆட்டுத்தோல் ஸ்வேட் இரண்டு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஒன்று ஷெல்ஃபுக்கு, ஒன்று பக்கச் சுவருக்கு. சொரசொரப்பான சதைப்பக்கம் மேலே வர வேண்டும். வழவழப்பான பக்கத்தை மேலே வைத்தால் அம்பு வழுக்கும், இழுக்கும்போது கீச்சென்றும் சத்தம் வரலாம். பசை வேண்டாம், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் பிடியின் ஆழமான இடத்துக்கு நேர் மேலே, அம்புக்குக் குறுக்காக ஒரு தீக்குச்சியைத் தோலுக்கு அடியில் வை. பக்கச் சுவரிலும் அதே இடத்தில் ஒன்று, செங்குத்தாக. அப்போது அம்பு ஒரே இடத்தில் மட்டும் தொடும், உராய்வு குறையும், இறகுகளும் சுலபமாகக் கடந்துபோகும். இறகு என்றதும் நினைவு வருகிறது, பிளாஸ்டிக் இறகு வேண்டவே வேண்டாம். பறவை இறகு ஷெல்ஃபில் பட்டால் மடங்கிக் கொடுக்கும். பிளாஸ்டிக் இறகு அம்பைத் தூக்கி அடிக்கும்.

காத்திருக்கும் நேரம்தான் எனக்குக் கவலை. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் குளிரில் கை நடுங்கும், காற்றும் அம்பை அசைக்கும். வில்லை மடியில் குறுக்காக வைத்துக்கொள், இல்லாவிட்டால் பக்கத்துக் கொக்கியில் மாட்டு. மான் வருகிற அரவம் கேட்டு வில்லைத் தூக்கினால், இடது கை ஆள்காட்டி விரலை அம்பின் மேல் லேசாகப் படுக்க வை. அந்த விரல் போதும், கிளிப் வேண்டாம். ஆனால் இழுக்கத் தொடங்கும்போதே விரல் இறங்கிவிட வேண்டும். பிராட்ஹெட், அதாவது வேட்டை அம்பின் அகலமான முனை, சவர பிளேடு மாதிரி கூர்மையானது. அம்பு நீளம் குறைவாக இருந்தால் முழுசாக இழுக்கும்போது அது பின்னால் வந்து விரலிலேயே இறங்கும். முழு இழுப்பில் பிராட்ஹெட்டின் பின்விளிம்பு வில்லுக்கு ஓர் அங்குலமாவது முன்னால் நிற்கிறதா என்று கூர் இல்லாத பயிற்சி அம்பில் அடையாளம் போட்டுப் பார்த்துவிடு. இதைத் தள்ளிப்போடாதே, கண்ணு.

வில்லைக் கையில் வைத்துக்கொண்டு மரம் ஏறாதே. இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டி, மரத்தோடு இணைத்தபடியே ஏறு. நீ மேலே உட்கார்ந்த பிறகு, கயிறு கட்டி வில்லை மேலே இழு. அம்புகள் மூடிய கூட்டுக்குள் இருக்கட்டும். வீட்டுக் கொல்லையில் பயிற்சி செய்யும்போது நின்றபடியே அடிக்காதே. நாற்காலியில் உட்கார்ந்து, காட்டுக்குப் போடுகிற அதே கனமான ஜாக்கெட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு அடி. தடித்த கையுறைக்குள் விரல் என்ன செய்கிறது என்று உனக்கே தெரியாது. பாதி நழுவல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இழுத்த பிறகு அம்பு நழுவினால், மான் பத்தடியில் நின்றாலும் விரலால் அதை ஏற்றி வைக்கப் பார்க்காதே. மெதுவாக இறக்கிவிடு. மான் போனால் போகட்டும். அரைகுறையாகப் பட்ட அம்போடு அது காட்டுக்குள் நாள்கணக்கில் அலைவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், மானை அமிர்தி விலங்குப் பூங்காவில் போய்ப் பார்ப்பதோடு சரி. அதனால் நீ வேட்டைக்குப் போகிறாய் என்றதும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டிதான் சமாதானம் சொன்னாள். "முருகனே வேடனாத்தானே வள்ளிமலைக்கு வந்தான்? கூத்துல பாத்ததில்லையா, என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டேதான வருவான்" என்றாள். எனக்கு அதில் பிடித்தது, அவன் தேடிக்கொண்டு வருகிறான் என்பதுதான். நீ அடித்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். உடனே இறங்கி ஓடாமல் அரைமணி நேரமாவது பொறுத்திரு. பிறகு ரத்தத் தடம் பிடித்துப் போ. தடம் விட்டுப்போனால் கடைசிச் சொட்டு விழுந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, துணைக்கு ஆளைக் கூப்பிடு. அது கிடைக்கிற வரை வீடு திரும்பாதே.

தோல் துண்டுகளை அடுத்த மாதம் டெட்ராய்ட்டுக்குக் கிளம்புகிற எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டி செய்த கருவடாமும் கூடவே வரும். ஒட்டி முடித்து ஒரு வாரம் அடித்த பிறகு, அந்தத் தோலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. அம்பு சரியாக ஓடினால் தீக்குச்சிக்கு மேலே ஒரு சின்ன இடம்தான் தேய்ந்திருக்கும். வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால் விரல் இன்னும் மடங்குகிறது. எந்த விரல் என்று பிறகு பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் நைனா
காட்பாடி