‘மெனிக்கே மகே ஹித்தே’: விடுபடும் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘மெனிக்கே மகே ஹித்தே’ என்ற சிங்களக் காதல் பாடல் 2021இல் கடல் கடந்து ஒலித்தது. அதனால் இலங்கைப் பாடகி யொஹானி அடைந்த புகழில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தக் குரல் அதற்குத் தகுதியானது. ஆனால் பாடலே அவருடையது என்று பலர் இன்னும் எழுதுவது வேதனை தருகிறது. 2020இலேயே அதைப் பாடி வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க. யொஹானியோடு சேர்ந்து பாடியிருப்பவரும் அவரேதான்! வரிகள் துலான் ஏஆர்எக்ஸ், இசை சமத் சங்கீத். சிங்களம் அதிகம் அறியாத என்னையும் கட்டிப்போட்ட மெட்டு அது. அதை உருவாக்கியவர்களை மறைப்பது என்ன நியாயம்? இனி இப்பாடலைக் குறிப்பிடும்போது நால்வர் பெயரையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

வாசகி,
மட்டக்களப்பு