எட்டுக்குப் பிறகு ஒரு கோடு போடுங்கள்

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். மதுரையில் 22 ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். கையெல்லாம் கிரீஸாக இருப்பவன் மடல் எழுதும் அளவுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. அதுதான் வந்தது.

சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். 2016ஆம் ஆண்டு வண்டி, 150 சிசி. வலது கால்மிதி மடங்கியிருந்தது. சைலன்ஸர் ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து பளபளத்தது. பின் டயரில் ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வழவழவென்று போயிருந்தது. சக்கரம் சுழலாமல் தார்ச்சாலையில் இழுபட்டால்தான் அப்படித் தேயும். முன் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே மாட்டிய பிரேக் பேட். நடுவிலுள்ள பள்ளக்கோடுகூட அழியவில்லை. அதே இரண்டு ஆண்டுகளில் அந்த வண்டிக்குப் பின் பிரேக் ஷூ மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

வண்டி என் அக்காள் கணவருடையது. ஓட்டியவன் அக்காள் மகன், 19 வயது. உரிமம் கைக்கு வந்து பதினொன்றாம் நாள். காளவாசல் பக்கம் முன்னால் போன ஷேர் ஆட்டோ, கைகாட்டிய ஒரு அம்மாளுக்காக நடுச்சாலையில் நின்றுவிட்டது. இவன் கால் பிரேக்கை ஏறி மிதித்திருக்கிறான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. காறை எலும்பு முறிவு. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்து அவன் சொன்னது ஒன்றுதான்: "மாமா, நான் பிரேக் பிடித்தேனே. வண்டிதான் நிற்கவில்லை."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பிரேக்கைத்தான் பிடித்தான்.

ஐயா, உரிமத் தேர்வில் அவன் எட்டு போட்டதை நானே மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். கால் ஊன்றாமல், முதல் கியரில், அழகாகப் போட்டான். நம் மாநகராட்சி எட்டு வடிவத்தில் ஒரு சாலை போட்டால் அதில் அவனைப் போல ஓட்ட ஆள் கிடையாது. ஆனால் அந்த எட்டு முழுவதிலும் அவன் முன் பிரேக்கைத் தொடவில்லை. தொடத் தேவையும் வரவில்லை. வண்டியைச் சாய்க்காமல் ஓட்டத் தெரியுமா என்று பார்த்தீர்கள். நிறுத்தத் தெரியுமா என்று யாரும் பார்க்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாயும். முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகும். லேசான சக்கரத்தை மட்டும் இறுக்கினால் அது வழுக்காமல் என்ன செய்யும்? 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் இரண்டையும் பிடித்து நிற்கும் தூரத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். மதுரைச் சாலையில் அந்த இரண்டாம் மடங்கில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

இங்கே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் முதல் பாடமே "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்பதுதான். வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வான். ஹேண்டிலை நேராக வைத்து, ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் லீவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்லத் தொடங்கிப் போகப் போக இறுக்க வேண்டும். கிளட்ச்சைக் கடைசியில் பிடித்தால் போதும். மணலிலும் வெள்ளைக்கோட்டிலும் சாக்கடை மூடியிலும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். என்னிடம் பஞ்சர் ஒட்ட வரும் பையன்களுக்குத் தெருமுனையில் வைத்துச் சொல்லித் தந்திருக்கிறேன். சொந்த அக்காள் மகனுக்குச் சொல்லவில்லை. அந்தக் குறை என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

ஆனால் என் கோரிக்கை இதுதான்: எட்டு முடிந்ததும் ஒரு நேர்கோடு. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரச் சொல்லுங்கள். சுண்ணாம்பால் ஒரு கோடு, அங்கே பிரேக். சற்றுத் தள்ளி இன்னொரு கோடு, அதற்குள் வண்டி நேராக நிற்க வேண்டும். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதியைப் புரட்டினால், அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிறுத்திக் காட்டாதவனுக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லை. நான் 30 தான் கேட்கிறேன்.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், அதற்குக் கீழே குறைந்தது இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் கட்டாயம் என்பீர்கள். நல்ல சட்டம், கும்பிடுகிறேன். ஆனால் அதற்கு முந்திய வண்டிகள்தானே அப்பாக்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன? சில வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். முன் பிரேக்கையே பிடிக்காதவனுக்கு அது இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

விபத்து நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் மட்டும் "அதிவேகமே காரணம்" என்று ஒரு வரி வந்துவிடும். வர்ணம் பூசாத வேகத்தடை, கண்ணைப் பறிக்கும் எல்இடி விளக்கு, டேங்க் மேல் உட்கார்ந்து பயணம் செய்யும் ஹெல்மெட், இவற்றையெல்லாம் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. கோபத்தில் எங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒரு கோடு. தயவுசெய்து எட்டுக்குப் பிறகு அதைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பட்டறை விடுமுறை. நீங்கள் இடம் காட்டினால் முன் பிரேக் சரியாக இருக்கும் இரண்டு வண்டிகளுடன் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கிறேன். சுண்ணாம்பும் நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன், மதுரை