அந்தப் பழைய ஸ்கேன் உறை உன்னிடமா?

அன்புள்ள செல்வி,

ஏழு மாதம் வாயே திறக்காதவள் இப்போது மூன்று பக்கம் எழுதுகிறாளே என்று முறைக்காதே. திட்டுவதைக் கடைசி வரி படித்த பிறகு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் தேவலையா? ராஜி பாட்டியான சேதி வந்தது, சிரித்துத் தீர்த்தேன். சரி, மரியாதை முடிந்தது.

என் மூளையில் தழும்பு இருக்கிறதாம்.

பதறாதே. புதிதாக வந்ததில்லை, புதிதாகக் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருடம் முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.க்கு ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்களே, அந்தத் தாளை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டினேன். மூன்றாவது மாத்திரைக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றதும், இந்தப் புது டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். இப்போது வலிப்புக்கென்றே தனி முறை இருக்கிறது: 3 டெஸ்லா என்று காந்த சக்தி கூடிய இயந்திரம், ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இடைவெளி விடாத படங்கள், கூடவே ஹிப்போகேம்பஸை, அதாவது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதியை, குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் சில. அந்த உறுப்பே சுண்டுவிரல் அளவுதான். தடித்தடியாகப் படமெடுத்தால் நழுவிப்போகாமல் என்ன செய்யும்?

கடல்குதிரை மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயராம். என் வலதுபக்கக் குதிரை கொழுகொழுவென்று நிற்கிறது. இடதுபக்கத்தது வற்றிச் சுருங்கி, ஒருவகைப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. நரம்பணுக்கள் செத்த இடத்தைத் தழும்புத் திசு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

‘இவள் ஸ்டேஷன் மாற்றிவிட்டாள்’ என்று வகுப்பில் கத்துவாயே, நினைவிருக்கிறதா? வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும், இதெல்லாம் முன்பே நடந்ததுபோல் இருக்கும், வெறித்துப் பார்த்தபடி சும்மா வாயை மெல்லுவேன். எல்லாம் அந்தக் குதிரையின் வேலைதான். எனக்குப் பூர்வஜென்ம ஞாபகம் வருகிறது என்று நம்பவைத்தவள் நீ. அதற்குத் தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. சுருங்கியதால் வலிப்பு வந்ததா, வலிப்பு வந்து வந்து சுருங்கியதா? ஒன்றரை வயதில் காய்ச்சலோடு அரைமணி நேரம் வெட்டி இழுத்தது என்று அம்மா சொல்வாள். அப்படி நீண்ட வலிப்பு குழந்தையின் ஹிப்போகேம்பஸை வீங்கவைத்து, பிறகு சுருங்கவும் வைக்கலாம். சரி, அது போன கதை. அப்புறம் வந்த ஒவ்வொரு வலிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதா என்பதுதான் என் கேள்வி.

டாக்டர் தந்த கட்டுரைகளைப் பிழை திருத்துவதுபோல் வரிவரியாகப் படித்தேன். 2018-இல் வந்த ஒன்றில் வலிப்புள்ள 2,149 பேரின் ஸ்கேன்களை வலிப்பில்லாத 1,727 பேருடையவற்றோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஹிப்போகேம்பஸோடு நிற்கவில்லை, செல்வி. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் சிறுத்திருக்கிறது, மூளையின் மேலுறை அங்கங்கே மெலிந்திருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு ஸ்கேன் பார்த்தால் எது முந்தி என்று எப்படித் தெரியும்? ஒரே ஆளை வருடம் விட்டு வருடம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்கள் 2019-இல் சொன்னது, வயதால் மெலிவதைவிட வேகமாக மெலிகிறது என்று. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் அடுத்த வருடக் கட்டுரை கைக்கு வந்தது: ஹிப்போகேம்பஸ் இருக்கும் பொட்டு மடலில் அறுவை செய்த பிறகு அந்த மெலிவு நின்றிருக்கிறது.

ஆமாம், அறுவைசிகிச்சை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். 2001-இல் 80 பேரைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு நின்றவர்கள் அறுவைப் பக்கம் 58 சதவீதம், மாத்திரைப் பக்கம் 8. கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இடதுபக்கம் சொல் நினைவுக்கு உரியது. 1953-இல் ஒருவருக்கு இரண்டு பக்க ஹிப்போகேம்பஸையும் எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு அவருக்குப் புதிதாக எதுவுமே மனதில் தங்கவில்லை. எனக்கு ஒருபக்கம் மட்டும்தான், அதுவும் வற்றிப்போனது, இழப்பதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை என்கிறார் டாக்டர். நியாயம்தான். ஆனாலும் சொல்லை வைத்துப் பிழைப்பவள் நான். நேற்று ‘தாழ்ப்பாள்’ என்ற சொல் வாயில் வரவில்லை, கதவைக் காட்டிக்கொண்டே நின்றேன். முன்பென்றால் வயசு என்றிருப்பேன்.

இப்போது உன் வேலை. பழைய ஸ்கேன் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தடித்த படமானாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அன்றே சுருங்கியிருந்ததா என்று ஓரளவு சொல்லமுடியும் என்றார். வீடு மாற்றியபோது என் பச்சைப் பெட்டியை உன்னிடம்தானே விட்டேன்? பெரிய பழுப்பு உறை, அடியில், சமஸ்கிருத நோட்டுகளுக்குக் கீழே. மடிக்காதே, சுருட்டாதே, ஃபோனில் படமெடுத்து அனுப்பி வேலையை முடிக்கவும் பார்க்காதே. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துப் பதினேழாம் தேதிக்குள் வந்து சேருகிறமாதிரி அனுப்பு. நீயே எடுத்து வந்தால் இன்னும் நல்லது, டாக்டர் அறையில் என் பக்கத்தில் உட்கார ஒருத்தி வேண்டும்.

நோட்டுகளைப் படிக்காதே. கடைசிப் பக்கங்களில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

உன்,
கௌரி