எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

வடமாகாணச் சுகாதார, விளையாட்டுத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். விளையாட்டுக் காயங்களைப் பார்க்க யாழ் நகரில் ஒரு பின்னேரக் கிளினிக் கேட்டு எழுதுகிறேன்.

என் மகள் பாடசாலை அணியில் வலைப்பந்து விளையாடியவள். ஒருநாள் பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்கியவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். முழங்காலுக்குள் ‘டப்’ என்று கேட்டதாம். யாரோ ஓடிவந்து, நல்ல மனதோடுதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டார். இரவுக்குள் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “முறிவு இல்லை, மூன்று கிழமை ஓய்வு” என்று அனுப்பினார்கள். வீட்டில் முழங்காலுக்கு மூலிகைப் புக்கையும் கட்டினோம். வீக்கம் வற்ற, திரும்ப ஓடினாள். இரண்டாம் மாதம் மறுபடி விழுந்தாள். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நாரான முன் குறுக்கு லிகமென்ற் அறுந்திருப்பது தெரிந்தது.

லிகமென்ற் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்தச் சத்தம், சில மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு கால் நழுவுவது போன்ற உணர்வு எல்லாம் சேர்ந்தால், பழகிய மருத்துவர் முழங்காலைக் கையால் அசைத்துப் பார்த்தே சந்தேகப்படுவார். எங்களுக்கு அந்தக் கை கிடைக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். அத்தனை நாளும் தொடைத் தசையைப் பக்கத்தில் நின்று பழக்குவது யார்?

விளையாட்டு மருத்துவ நிறுவகம் கொழும்பில் இருக்கிறது, ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தேசிய அணிக்குப் போனவருக்குச் சரி. பின்னேரம் ஓவர்கேம் கரப்பந்து விளையாடிக் குதிக்கால் நரம்பு நோகும் என்னைப் போன்ற ஐம்பது கடந்தவர் எங்கே போவது? செயற்கைக்காலோடு ஓட ஆசைப்படுபவருக்கு, எஞ்சிய கால் அதில் உரசிப் புண்ணாகாமல் பார்ப்பது யார்? 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்ற முல்லைத்தீவு அம்மாவைக் கொண்டாடினோம். அவரைப் பார்த்து நாளைக்கு ஓடத் தொடங்கும் அம்மா, முதலில் தன் இதயத்தையும் முழங்காலையும் யாரிடம் காட்டுவார்?

புதுக் கட்டடம் கேட்கவில்லை. யாழ் நகரில், இருக்கிற அறையொன்றில், கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒரு மருத்துவரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் இருந்தால் போதும். பின்னேரம் என்பது முக்கியம். காலையில் வைத்தால் பள்ளிப் பிள்ளையும் வராது, கூலிக்குப் போகிறவரும் வரமாட்டார்.

அப்புறம், பயிற்றுநர்களைக் கூப்பிட்டு ஒருநாள் சொல்லிக்கொடுங்கள். புதுக் காயத்தை உருவக்கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று திரும்ப இறக்கவே கூடாது. ஃபிபாவின் ‘11+’ என்ற ஆயத்தப் பயிற்சிக்கு 20 நிமிடமும் ஒரு பந்தும் போதும். காற்பந்துக்காக உருவானது, ஆனால் குதித்து இறங்கும்போது முழங்காலை உள்ளே சாயவிடாமல் பிடிக்கப் பழக்கும். என் மகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் இப்போது கோட்டுக்கு வெளியே இருந்து ஸ்கோர் எழுதுகிறாள். வருடம் பிறந்ததும் பாடசாலைகளில் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். அதற்கு முன் எந்தக் கிழமை, எந்தப் பின்னேரம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு தகப்பன்