தாலி ஏற முந்தி முட்டை

மச்சான்,

பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டாதே, ஆவணி முழுக்கக் கலியாணக் கார்ட் வேலை. வீட்டில் எல்லாரும் சுகம். நம்ம வாத்தி இன்னமும் கல்லடிப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறார், மீனுக்கு ஒரு சேதமும் இல்லை.

இப்போ விஷயம். ஒரு பொம்பிளை வீட்டார் பழைய இங்கிலீஷ் படமொன்றைப் போனில் கொண்டுவந்து, இதையே முகப்பில் போடுங்கோ என்றார்கள். கூடு, உள்ளே நாலு முட்டை, பக்கத்தில் பூ. விக்டோரியா காலத்தில் கூடு என்றால் குடும்பம், முட்டை என்றால் வரப்போகிற பிள்ளைகள். வில்லியம் ஹென்றி ஹன்ட் இதையே வரைந்து வரைந்து 'பறவைக்கூட்டு ஹன்ட்' என்று பட்டமே வாங்கியவர். மாப்பிள்ளையின் அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாவே ஒரு கேள்வி: "தாலி ஏற முந்தியே முட்டையா?" அவ்வளவுதான். அழி என்று ஒரு பகுதி, வெறுங்கூடு அபசகுனம் என்று மறு பகுதி. எங்கட ஊரில் வீடு பொம்பிளைக்குத்தானே சீதனம், கூட்டையும் அவளே தீர்மானிக்கட்டும் என்றேன். தூக்கணாங்குருவியில் ஆண் பாதி கட்டிவிட்டுக் காத்துக்கிடக்கும், பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதி. இங்கே மாமனார் முழுதாகக் கட்டிக் கொடுக்க, உன்னைப் போன்ற சொகுசுக்காரர் பெட்டியோடு போய் இறங்குகிறீர்கள்.

வேறு படம் தேடப் போய்த்தான் ஜெனவீவ் ஜோன்ஸில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் ஒஹாயோக்காரி. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் ஓடுபனின் பறவைப் படங்களைப் பார்த்தவளுக்கு, கூட்டையும் முட்டையையும் வைத்தே ஒரு புத்தகம் போட ஆசை. அவளுக்குப் பேசியிருந்தவனின் குடி தகப்பனுக்குப் பிடிக்கவில்லை, கலியாணம் நின்றுபோனது. பிறகு குடும்பமே புத்தகத்தில் இறங்கியது. தம்பி கூடு தேடினான், தகப்பன் காசு போட்டார். 1879இல் 32 வயதில் டைபாய்ட் அவளைக் கொண்டுபோனது. தாய் வர்ஜீனியா தூரிகையைக் கையில் எடுத்து 1886இல் புத்தகத்தை முடித்தா. படங்களில் கூடும் முட்டையும்தான். நார் தனித்தனியாகத் தெரிகிறது, முட்டையின் ஓட்டில் உள்ள பொட்டுக்கூட. எல்லாம் கையால் தீட்டிய நிறம்.

அதைப் பார்த்த பிறகு ஹன்டின் பூவும் கூடும் எனக்கு வெறும் அலங்காரமாகத்தான் தெரிகிறது. கலியாணமாகாமல் செத்தவளின் கூட்டைக் கார்ட்டில் போடலாமா என்று மனுசியிடம் கேட்டேன். "விசர்க்கதை கதைக்காதீங்க" என்றா. ஆனால், மகள் விட்ட இடத்திலிருந்து ஒரு தாய் ஏழு வருஷம் குனிந்திருந்து வரைந்த கூடடா அது. வேறெந்தக் கூட்டைக் குடும்பம் என்று அச்சடிப்பது?

ஞாயிறு இரண்டு பகுதியும் கடைக்கு வருகிறார்கள். அம்மம்மாவும் வருகிறாவாம், கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். உன் மகளின் வீடு அத்திவாரத்திலேயே நிற்கிறதா, கூரை ஏறிவிட்டதா? அதை எழுது முதலில்.