ரகுவுக்கு, எடிசனிலிருந்து அப்பா

அன்புள்ள ரகுவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் ‘ஃபைன்’ என்று ஒரு மெசேஜ் வரும், அதனால் கேட்கவில்லை. வித்யா சொன்னாள், கொஞ்சம்தான் சொன்னாள். அதைப் பற்றியும் நான் கேட்கப்போவதில்லை. சுகர் மட்டும் பார்த்துக்கொள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை.

பேஸ்மெண்டை ஒழித்தபோது உன் ஷூ பெட்டிகள் மூன்றும் கிடைத்தன. எல்லாம் மேக்ஸெல் 90 நிமிஷக் கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, ஊர், பாட்டு வரிசை, அச்சடித்த மாதிரி பொடி எழுத்தில். உன் பள்ளிக்கூட நோட்டில் இந்தக் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. பழைய டூ-இன்-ஒன்னுக்கு பெல்ட் மாற்றினேன், ஓடுகிறது. தினம் ராத்திரி ஒரு பக்கம் கேட்கிறேன். சிரிக்காதே, உன் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு எனக்கும் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

முதலில் போட்டது 77 மே 8, கார்னெல் யுனிவர்சிட்டியில் அவர்கள் செய்த கச்சேரி. அன்று அந்த ஊரில், இதாகாவில், மே மாதத்தில் பனி கொட்டியிருக்கிறது. உள்ளே ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டு எங்கே முடிந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ எங்கே ஆரம்பிக்கிறது என்று நாலு தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஃபில் லெஷ் பேஸ் கிட்டாரோடு புது வீட்டில் குடியேறிவிடுகிறார், கிட்டார் வாசிக்கிற ஜெர்ரி கார்சியா இன்னும் பழைய வீட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்து ‘எஸ்டிமேட்டட் பிராஃபெட்’. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துத் தொடையில் தட்டினாள். “தகிட தகதிமி. ஏழுன்னா இது, மிஸ்ர சாபு!” அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் ‘ஒன் மோர் சாட்டர்டே நைட்’ பாடுகிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அன்னையர் தினம் என்றேன். “அன்னிக்காவது அவங்கவங்க அம்மாவுக்கு போன் பண்ணியிருப்பாங்களா?” என்றாள்.

அதைப் பதிவு செய்தது பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி, அவருடைய ரீல்கள் ஸ்டோரேஜ் வாடகை கட்ட முடியாமல் 80களில் ஏலத்தில் போனது, இன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்கும் பதிவுகளில் அந்தக் கச்சேரியும் ஒன்றாக இருப்பது, 2017இல்தான் முறையாக வெளியானது, எல்லாம் இப்போது தெரிந்துகொண்டேன். 16 வயதில் நீ இந்தக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல வந்தபோது நான் எஸ்.ஏ.டி. மார்க்கைக் கேட்டேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த டேப்புகள் இல்லை. துல்லியம்தான், ஆனால் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே கம்பத்தில் மைக் கட்டி எடுத்ததில்தான் இருமல், சிரிப்பு, யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் வருகிறது. 84இலிருந்து கூட்டத்தில் பதிவு செய்கிறவர்களுக்கென்று அந்தக் குழுவே தனி இடம் ஒதுக்கிவிட்டார்களாமே! காசுக்கு விற்காமல் மாற்றிக்கொள்வதுதான் வழக்கமாம். ‘திருட்டு டேப்’ என்று நான் கத்தியது ஞாபகம் இருக்கிறதா?

86இல் கார்சியா சுகரால் கோமாவுக்குப் போய், விழித்தபிறகு கிட்டாரை மறுபடி முதலிலிருந்து பழகியிருக்கிறார். அந்த டிசம்பரிலேயே ஓக்லண்டில் மேடை ஏறி ‘டச் ஆஃப் கிரே’யோடு ஆரம்பித்தார். அந்த டேப்பும் உன் பெட்டியில் இருக்கிறது. விரல் கொஞ்சம் தடுமாறினாலும் கூட்டம் விடவில்லை. 95இல் சிகிச்சைக்குச் சேர்ந்த இடத்திலேயே மாரடைப்பு. 53 வயது. உனக்கு ஆவணியில் 53 முடிகிறது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். சுகர் பார்த்துக்கொள்.

இன்னொன்றும் எழுதவேண்டும். 89 ஜூலை 9, ஜயண்ட்ஸ் ஸ்டேடியம். உன்னைக் கூட்டிவர டை கட்டிக்கொண்டு வந்து, அந்தக் கார் பார்க்கில் சாயச் சட்டைகளுக்கு நடுவே நான் முழித்தது. டிக்கெட் இல்லாத ஒரு பெண் ‘ஒரு டிக்கெட் கிடைக்குமா’ என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்ட, அர்த்தம் புரியாமல் நானும் ஒரு விரலைக் காட்டினேன், நீ தலையில் அடித்துக்கொண்டாய். அன்று நீயே மைக் பிடித்து எடுத்த டேப்பை மிஷின் தின்றுவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அது பொய்.

உன் முதல் செமஸ்டர் மார்க் வந்த அன்று செய்தேன். அழியாமல் இருக்க நீ கேசட் மூலையில் அந்தப் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தாய். நான் அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினேன். கோபத்தில் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, செலோடேப்பை மாடிப்படி ஏறிப்போய் கிச்சன் டிராயரில் தேடி எடுத்துவந்தேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு 45 நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை நேற்று போட்டேன். ஃபர்னஸ் சத்தம், என் செருமல். நடுவில் மேலேயிருந்து அம்மா, “ரகு சாப்பிட்டானா, கேளுங்களேன்.” நான் பதில் சொன்ன மாதிரி அதில் இல்லை.

அதே ராத்திரியை வேறு யாரோ எடுத்தது கிடைக்கிறது என்று வித்யா பையன் போனில் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது பாதி தொடங்குவதற்கு முன்னால் ஒரு விசில், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில். இரண்டு விரலை மடித்து அடிக்கிற விசில், தாத்தா உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அது நீதானா என்று மட்டும் சொல். உனக்கு ராத்திரி பத்து என்றால் இங்கே ஒன்று, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா

பி.கு.: மாவடு அனுப்பியிருக்கிறோம், அம்மா உப்பு குறைத்துத்தான் போட்டிருக்கிறாள். வெறுங்காலோடு நடக்காதே.