கங்காணி அத்தியாயம்

அன்புள்ள கவிதா,

தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்து மேய்த்த நம் கங்காணித் தாத்தாவைப் பற்றிய உன் ஆய்வு அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பெரிய மாமா போனில் உன்னிடம் கத்தியது போதாதென்று இங்கேயும் வந்து கத்தினார். "நம்ம பிள்ளையே நம்ம குடும்பத்தை நாறடிக்கலாமா" என்கிறார். நீ அதற்காக ஆய்வுத் தலைப்பையே மாற்றப் போகிறாய் என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்தேன்.

சீன வரலாற்றாசிரியர் வாங் குங்வூவை நீ படித்திருப்பாய். நீ இருக்கும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் 1968 முதல் 1986 வரை இருந்தார். எனக்கு அவர் நம் ஈப்போ ஊர்க்காரர். 1930இல் சுரபாயாவில் பிறந்து இங்கே வளர்ந்து, ஆண்டர்சன் பள்ளியில் படித்தவர். தகப்பனார் சீனப் பள்ளிகளின் இன்ஸ்பெக்டர். சீனாவுக்கே திரும்பிவிட வேண்டும் என்று 1947இல் குடும்பத்தோடு போனார்கள். நான்கிங் குளிர் தகப்பனாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பெற்றோர் திரும்பினார்கள். உள்நாட்டுப் போர் நெருங்கியதும் 1948இல் மகனும் வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஆசை நவீன சீன அரசியல் மேல். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்டிருந்த அவசரகாலத்தில் சீனப் புத்தகங்களுக்குத் தடை இருந்ததால், முதுகலைக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய தென்கடல் வணிகத்தை எடுத்தார். லண்டனில் முனைவர் பட்டத்துக்குப் பத்தாம் நூற்றாண்டு வட சீனா. தலைப்பை மாற்றுவது தப்பில்லை. ஆனால் அவர் மாற்றியது மூலநூல் கிடைக்காததால். மாமாவுக்குப் பயந்து இல்லை.

1970இல் அவர் மலாயாச் சீனரின் அரசியலைப் பற்றி எழுதினார். சீனாவின் அரசியலோடு ஒட்டியிருந்தவர்கள், வியாபாரமும் சங்கமும் போதும் என்றிருந்த பெரும்பான்மை, மலாயாதான் நாடு என்று நின்ற சிறு கூட்டம் என்று மூன்று பிரிவு. எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசியவர்களுக்கு அது பதில். நம் தோட்டத்து ஆட்களையும் அப்படித்தானே பேசுகிறார்கள்? நீ கங்காணி வீட்டையும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் வீட்டையும் பிரித்துக் காட்டினாய். மாமாவுக்கு வலித்தது அங்கேதான். அந்தக் கங்காணி எனக்கும் தாத்தா, எனக்கும் சுருக்கென்றது. அதனால் அவர் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கவில்லை என்று ஆகிவிடுமா?

சிங்கப்பூரில் டிரைஷா (மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டிய சீனர்கள்கூட காசு போட்டுக் கட்டியது, சீன மொழியில் கற்பித்த நன்யாங் பல்கலைக்கழகம். அதன் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவுக்கு வாங் குங்வூதான் தலைவர். 1965இல் அறிக்கை வெளியானதும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அறிக்கை சரியா தவறா என்பதில் எனக்கே இரண்டு மனசு. ஆனால் சொந்தச் சமூகம் கோபித்துக்கொண்டதற்காக அந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுவதை அவர் விடவில்லை.

(1986 முதல் 1995 வரை ஹாங்காங்கில் துணைவேந்தராகக் கோப்பு பார்த்த காலத்தில் இன்னும் இரண்டு புத்தகம் எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். உனக்கும் யாராவது பதவி தருவார்கள், யோசித்துக்கொள்.)

மாமாவின் பெயரை எங்காவது போட்டிருந்தால் எடுத்துவிடு, அவர் சம்மதிக்கவில்லை. தலைக்காசுப் பத்தியில் மட்டும் கை வைக்காதே. டிசம்பரில் வரும்போது ரெக்கார்டர் கொண்டு வா. சுங்கை சிப்புட் அத்தை முப்பது வருடம் பால் வெட்டியவள், மாமா சொல்லாததையெல்லாம் சொல்வாள். காதுதான் கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேள்.

அன்புடன்,
அம்மா